இன்னும் பத்து நாள்

ஒரு வாய் சோறு. தட்டிலிருந்து கிளம்பி, காற்றில் ஏறி, அப்பன் வாய்க்குள் போய் மறைகிறது. இரண்டு சின்னக் கண்கள் அதன் கூடவே போகின்றன. மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

வெளியே ஐப்பசி மழை. ஓட்டு இடுக்கில் புகுந்த பகல் வெளிச்சம் தட்டின் விளிம்பில் விழுந்திருந்தது.

அடுத்த வாய். கண்கள் தட்டுக்கு இறங்கின, திரும்ப ஏறின. முகிலாவின் உதடு தானாக மென்றது. ஒன்றுமே இல்லாததை மென்றது.

மாதேஷுக்குச் சோறு இறங்கவில்லை. மினிபஸ் ஓட்டுகிறவன். மத்தியானம் அரைமணி நேரம்தான் வீடு. அந்த அரைமணியும் மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான். இப்போதெல்லாம் திருடித் தின்கிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுகிறான்.

"ஒரே ஒரு பருக்கை, எழிலு. நல்லா நசுக்கி நாக்குல வெக்கறேன்."

"இன்னும் பத்து நாள்" என்றாள் எழிலரசி.

இன்னும் பத்து நாள். பத்து நாள் போனால் நூற்றெண்பது. நூற்றெண்பது நாளும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே எட்டு வருஷமாக ஊரில் பேர் வாங்கியவள் அவள்.

தர்மபுரிப் பக்கம், மலையடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே பால்வாடி டீச்சர் என்றால் லேசுப்பட்ட ஆளா? யார் வயிற்றில் எத்தனை மாசம், யார் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி, எல்லாம் அவள் விரல் நுனியில். எந்த வீட்டுப் பிள்ளையின் கடைவாயிலாவது கஞ்சி காய்ந்திருந்தால் போச்சு. வாசலில் நின்று வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் கோபத்துக்கும் ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். மூன்றாம் மாசமே பிஸ்கட் கரைத்துப் புட்டியில் கொடுத்த ஒரு குழந்தை, வயிற்றோட்டத்தில் துவண்டு போனது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் எழில்தான். அது பிழைத்தது. அந்தப் பயம் மட்டும் அவள் தோளிலேயே தங்கிவிட்டது.

இப்போது அவள் மடியில் அவள் பிள்ளை. பால் குடிக்கும். விட்டுவிட்டு அழும். மறுபடி குடிக்கும், மறுபடி அழும். தொடையில் சதை பிடிக்கவில்லை. கை வளையல் நழுவி முழங்கை வரை ஏறுகிறது.

அழுகிறது, பல் முளைக்கிறதுபோல என்றாள். அழுகிறது, குளிர்போல என்றாள். பசி என்ற வார்த்தை நாக்கு வரை வரும். எழில் அதை முழுங்கிவிடுவாள்.

நாலாம் மாசம் ஐந்தரைக் கிலோ. ஐந்தாம் மாசமும் ஐந்தரைக் கிலோ. ஆனால் எடைப் புத்தகத்தில் ஐந்து தொள்ளாயிரம் என்று இருக்கிறது. எழுதிய கை அவளுடையது.

எப்படி எழுதினாள்? கேளுங்கள் அந்தக் கூத்தை. பிரசவ லீவில் இருந்தாலும் எடை போடும் நாளுக்கு மட்டும் பால்வாடிக்கு வந்துவிடுவாள். மற்ற பிள்ளைகளையெல்லாம் சட்டையைக் கழற்றி, கொலுசைக் கழற்றித் தராசுத் தொட்டியில் போட்டாள். தன் பிள்ளையைக் கடைசியாக, கூட்டம் கலைந்த பிறகு, வெறும் உடம்போடு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, கம்பளிச் சட்டையோடு போட்டாள். கொலுசோடு, வெள்ளி அரைஞாணோடு, சுற்றியிருந்த துவாலையோடு போட்டாள். முள் நகர்ந்தது. புத்தகத்து வரைபடத்தில் புள்ளியும் பச்சைக் கோட்டுக்கு மேலேயே நின்றது.

ஊரை ஏய்ப்பதாக நினைத்துத்தான் செய்தாள். பாவி, தன் பிள்ளையை ஏய்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போனால் நர்சம்மாவுக்குத் தெரியும். நர்சம்மாவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் தீர்த்தம்மாவுக்கும் தெரியும்.

தீர்த்தம்மா. செங்கல் சூளைக்குப் போகிறவள், ஊர்க் கோடியில் வீடு. போன சித்திரையில் அவள் பிள்ளைக்கு நாலு மாசம். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை போட வந்தாள். பிள்ளையின் மோவாயில் ராகிக் கூழ் ஒட்டியிருந்தது.

எழில் அப்போது நிறைமாசம். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முப்பது பெண்கள் பார்த்திருக்க, இன்னொரு கையை நீட்டிப் பேசினாள். "பெத்த புள்ளைய நீயே கொல்லப் பாக்கறியா?" என்று கேட்டாள். "நீயெல்லாம் ஒரு தாயா?" என்றும் கேட்டாள். தீர்த்தம்மா பிள்ளையின் மோவாயை முந்தானையால் துடைத்தாள். திரும்பி நடந்தாள். அதன்பிறகு பால்வாடிப் பக்கமே வரவில்லை.

அந்த வாய் இப்போது எப்படிச் சொல்லும்? என் பிள்ளைக்கு என் பால் போதவில்லை என்று எப்படிச் சொல்லும்?

இன்னும் பத்து நாள். ஒன்பது நாள். எட்டு நாள்.

எட்டு நாள் மிச்சம் இருந்த அன்றுதான் இந்த மாசத்து எடை நாள். காலையிலிருந்தே தூறல். பால்வாடிக்குள் ஈரப் பாவாடை வாசனை, பிள்ளைகளின் அழுகை. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நர்சம்மாவும் வந்திருந்தாள், ஊசி போட. ஊசிக்காக வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்துவந்திருந்தாள். கதவோரம் தீர்த்தம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பத்து மாசப் பையன்.

எழில் குனிந்து எடைப் புத்தகத்தைப் புரட்டினாள்.

ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டியில் ஏறி இறங்கியது. கூட்டம் கலையட்டும் என்று எழில் காத்திருந்தாள். மழை வலுத்தது. ஒருத்தியும் கிளம்பவில்லை.

"எங்க, டீச்சர் பொண்ணைப் போடுங்க பாக்கலாம்" என்றாள் நர்சம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எழில் முகிலாவைத் தூக்கினாள். கம்பளிச் சட்டை. துவாலை. கொலுசு. மேலே தூக்கும்போது கொலுசு சிணுங்கியது. பிள்ளை தலையைச் சாய்த்து, யாரோ ஒரு குழந்தை கடித்துக்கொண்டிருந்த கடலை உருண்டையைப் பார்த்தது. உதடு மென்றது.

அவ்வளவுதான். அதற்குமேல் எழிலால் முடியவில்லை.

பிள்ளையை மடியில் கிடத்தினாள். துவாலையை எடுத்தாள். கம்பளிச் சட்டையை உருவினாள். ஒரு கொலுசு, இன்னொரு கொலுசு. அரைஞாண் திருகு வரவில்லை. கடித்து இழுத்துக் கழற்றினாள். அம்மணமாகத் தொட்டியில் வைத்தாள். விலா எலும்பு எண்ணலாம்போல இருந்தது. பார்த்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முள் ஆடியது. ஆடி நின்றது.

"அஞ்சரை" என்று உரக்கச் சொன்னாள் எழில். "போன மாசமும் அஞ்சரைதான். நான்தான் துணிமணியோட போட்டு ஏமாத்தி எழுதினேன். எம்புள்ள இளைச்சுக்கிட்டே வருது. எனக்குப் பால் பத்தல."

சொல்லிவிட்டு அழுதாள். டீச்சர் அழுது அந்த ஊர் பார்த்ததே இல்லை.

யாரோ "அடிப் பாவி மவளே" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். யாரோ ஒருத்தி வந்து பிள்ளையைத் துவாலையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். தீர்த்தம்மா கதவோரத்தில் அப்படியே நின்றாள். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் கிளம்பிப் போனாள்.

அன்று மத்தியானமே மாதேஷ் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்தாள். கழுத்து நின்றது. முதுகுக்குக் கை கொடுத்தால் உட்கார்ந்தது. டாக்டரம்மாவின் பேனாவைப் பிடித்து வாய்க்கு இழுத்தது. வேறு நோய் எதுவும் இல்லை.

"பசிதாம்மா" என்றாள் டாக்டரம்மா. "நாளைக்கே சோறு ஆரம்பிங்க. பாலையும் விடாதீங்க, இன்னும் அடிக்கடி குடுங்க. வாராவாரம் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "ஆறு மாசம்னு சொல்லச் சொன்னோம், சரி. எடை ஏறாத புள்ளைய உடனே எங்ககிட்ட அனுப்பணும்னும் சொன்னோமே. அந்தப் பாதி எங்க போச்சு?"

எழில் எட்டு வருஷமாக முதல் பாதியை மட்டுமே ஊருக்குச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை. மழைக்கு நடுவில் கொஞ்சம் வெயில். அடுப்படி ஜன்னலில் மஞ்சளாக ஒரு துண்டு. குழைய வேகவைத்த சோறு, பருப்பு, ஒரு சொட்டு நெய். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத பதம். எத்தனை அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்த பதம் அது! இன்று அவள் கைக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

முதலில் பால் கொடுத்தாள். பிறகு ஸ்பூன்.

முகிலா முகத்தைச் சுளித்தாள். நாக்கால் வெளியே தள்ளினாள். மோவாயில் வழிந்ததை எழில் வழித்து மறுபடி வைத்தாள். இந்த முறை உதடு மூடியது. கண் அகன்றது. சின்னத் தொண்டை ஒருமுறை அசைந்தது.

உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு ஸ்பூன் வருவதற்குள் பொறுமை இல்லை. இரண்டு கையாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது பிள்ளை. இத்தனை வலு இந்தக் கைக்கு எங்கே இருந்தது? மாதேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. எழிலுக்குச் சந்தோஷம்தான். பசித்த பிள்ளையை ஒரு மாசம் காக்க வைத்திருக்கிறோம் என்பது மட்டும் இறங்க மறுத்தது. மோவாயில் வழிந்த சோற்றைப் பார்க்கப் பார்க்க இன்னொரு மோவாய் கண்ணில் வந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஊர்க் கோடிக்குப் போவதற்குள் வெயில் போய் மழை பிடித்துக்கொண்டது.

மழைக்காலம், சூளை இல்லை. தீர்த்தம்மா வீட்டில்தான் இருந்தாள். "உள்ள வாங்க டீச்சர், நனையறீங்க" என்றாள். தலை துவட்டத் துணி கொடுத்தாள். பத்து மாசப் பையன் தவழ்ந்து வந்து எழிலின் புடவைக் கரையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னைப் பேசக்கூடாத பேச்சுப் பேசிட்டேன். நாலு பேர் நடுவுல பேசிட்டேன். என்னை மன்னிச்சிரு, தீர்த்தா."

தீர்த்தம்மா கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"திட்டினது போகட்டும் டீச்சர். சூளையில மேஸ்திரி திட்டாத திட்டா. அப்ப எனக்கும் பால் நின்னுபோச்சு. பையன் வெத்தா கெடந்தான், துணி மாதிரி. எவ்வளவு எளைச்சிருக்கான்னு பாக்கத்தான் அன்னிக்குத் தூக்கிட்டு வந்தேன்."

புடவைக் கரையிலிருந்து பையனின் கையை விடுவித்துத் தூக்கிக்கொண்டாள்.

"நீங்க அவனத் தராசுல போடவே இல்ல."

எழில் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தாள். கூழைப் பார்த்தோம். பிள்ளையைப் பார்த்தோமா? அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கை எப்படி இருந்தது, கால் எப்படி இருந்தது? எவ்வளவோ யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவள் பார்க்கவே இல்லை.

"இப்ப பால்வாடிக்குத் தூக்கிட்டு வர்றியா? நானே போட்டுப் பாக்கறேன்" என்றாள். குரல் கெஞ்சியது.

"மழை விடட்டும், பாக்கலாம்" என்றாள் தீர்த்தம்மா.

விடுகிற மழையாக அது தெரியவில்லை. எழில் பிள்ளையை மடியில் இறக்கி, கதவோரம் உட்கார்ந்துகொண்டாள்.