காலர் ட்யூன் இருமல்

1

"காய்ச்சல்லாம் இல்லக்கா. காலையிலதான் பார்த்தோம். தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."

சொல்லிவிட்டாள். சொன்னது பாண்டிமீனா. அந்த வீட்டில் தெர்மாமீட்டரே கிடையாது. வாசலில் நிற்கும் மாநகராட்சி அக்கா, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடும் கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியுமாக, அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் அவளுடைய தம்பி சிவபாண்டி, ஒன்பது வயது, சுவரோடு ஒட்டிக்கொண்டு இருமுகிறான். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போயிருக்கிறார். கொரோனாவில் ஊரே அடைந்து கிடந்தாலும் அந்த வேலைக்கு லீவு இல்லை. அப்பா திருப்பூரில் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறார். பதின்மூன்று வயதுப் பாண்டிமீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு

(முடிக்க முடியவில்லை. ஐந்து தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். அவள் பிடித்துக்கொண்டே நிற்கட்டும். நான் வேறு இடத்திலிருந்து வருகிறேன்.)

2

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ரோகிணி அக்கா, இறந்துபோன தன் கணவரின் ஆட்டோவை விற்றார். ஐந்து வருடமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த வண்டி. வாங்குகிறவர் வருவதற்கு முன்னால் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சிவாவக் கூட்டிட்டு வா மீனா. கடைசியா ஒருக்க உக்காந்துட்டுப் போகட்டும். அவரு இருந்தா அதத்தான சொல்லியிருப்பாரு."

('எங்கள் வாசலில்' என்று எழுதிவிட்டேன், பார்த்தீர்களா. பாண்டிமீனா நான்தான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். 'அவள்' என்று எழுதினால் பயம் ஒரு முழம் தள்ளி உட்காருகிறது. அதனால் அவள் என்றே போகிறேன். அம்மா தூங்கிய பிறகு போனில் தட்டுகிற கதை; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வெள்ளிக்கிழமை ரோகிணி அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு எழுமலையில் இருக்கும் தன் அண்ணன் வீட்டோடு போகிறார். அதற்குள் அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். இன்று புதன்.

3

சிவபாண்டியை உங்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது?

முதல் முயற்சி: 'அவன் ஒரு தெய்வக் குழந்தை.' (அடித்துவிட்டேன். தெய்வக் குழந்தை அவளுடைய முன்கையில் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.)

இரண்டாம் முயற்சி: 'ஆட்டிசம் என்பது நரம்பு வளர்ச்சியில் ஏற்படும்' (இதையும். பத்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதுவது மாதிரி இருக்கிறது.)

மூன்றாவது: அவனுக்குத் தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்பான். நமக்குத் தண்ணீர் தருகிறான் என்று நினைத்துவிடக் கூடாது. அவனுக்கு வேண்டும் என்று அர்த்தம். யாராவது என்றைக்கோ அவனிடம் கேட்ட கேள்வியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதையே விண்ணப்பமாக நீட்டுவான். சில சமயம் எந்த அர்த்தமும் இல்லாமல், கேட்டதை வெறுமனே திருப்பிச் சொல்வதும் உண்டு. இரண்டுக்கும் குரல் ஒன்றுதான். பழகினால் தெரியும் என்று அம்மா சொல்வார். பாண்டிமீனாவுக்குப் பாதி நேரம் தெரியாது.

இதுதான் அவன். இது போதும்.

4

கோரிப்பாளையத்தில் அவன் போய்க்கொண்டிருந்த சிறப்புப் பள்ளி மார்ச் மாதம் மூடியது. காலை ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கதவருகில் நிற்பான். "வேன் வந்துருச்சா?" வராது. பதினோரு மணி வரைக்கும் நிற்பான். பிறகு தலையைச் சுவரில் முட்டத் தொடங்குவான்.

பள்ளியிலிருந்து ஜெயக்கொடி டீச்சர் தினமும் நாலு மணிக்கு வீடியோ காலில் வந்தார். முகக்கவசம் பழக்குவதற்கு மூன்று எண்ணும் வரைக்கும் போடச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு என்ன நடக்கும் என்று வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டச் சொன்னார். வேன் படத்துக்கு மேல் பெருக்கல் குறி. (டீச்சரைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுத வேண்டும். அந்த வருடம் பாதிச் சம்பளத்தில் இருபத்திரண்டு வீட்டுக்கு அப்படிப் பேசினார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு நாளும் கொட்டாவிகூட விட்டதில்லை.)

அவனை அமைதிப்படுத்தியது இரண்டே பொருள். ஒன்று, காலர் ட்யூன்.*

இன்னொன்று, ரோகிணி அக்காவின் கணவர் முத்துப்பாண்டி அண்ணனின் ஆட்டோ. ஓட முடியாமல் நின்ற வண்டியில் தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரைக்கும் அவனைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தான் முன்னால் உட்காருவார். "மாப்ள, எங்க விடணும்? வாடிப்பட்டியா, எழுமலையா?" என்பார். அவன் இரண்டையும் சொல்வான். "ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் போகச் சொன்னா எப்புடிடா மாப்ள? டீசல் உங்கப்பனா போடுவான்?" என்று ஹாரனை ஒருமுறை அழுத்துவார். மூடிய முகத்தைக் கண்டால் அவன் பயப்படுவான் என்பதால் முகக்கவசத்தைக் கழற்றித் தாடைக்குக் கீழே தள்ளிக்கொள்வார்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்த வீடு மூச்சு விட்டது. சோறு வெந்தது. யாராவது ஒருவர் கண்ணை மூடினார்.

(* மார்ச் மாதம் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு ஆண் இருமுவான், பிறகு ஒரு குரல் கைகழுவச் சொல்லும். சிவபாண்டிக்கு அந்த இருமல் உயிர். கொஞ்ச நாளில் ட்யூனை மாற்றி, இருமலை எடுத்துவிட்டார்கள். அவன் வீட்டையே புரட்டிப்போட்டான். நல்லவேளை, பாண்டிமீனா பழையதைப் பதிவு செய்து வைத்திருந்தாள். ஆன்லைன் வகுப்பு நேரத்தில் அதைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு நூறு தடவை. அவனும் கூடவே இருமுவான், அச்சு அசலாக.)

5

ஜூன் மாதக் கடைசி. மதுரைக்கு இரண்டாவது தடவை ஊரடங்கு போட்டிருந்தார்கள். வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்த்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அதே தெருவில் இஸ்திரி போடும் சோணைமுத்துவை ஆம்புலன்சில் ஏற்றியிருந்தார்கள். அவருடைய மனைவி கூட வருகிறேன் என்று அழுதார். விடவில்லை. ஏதோ ஒரு கல்லூரி விடுதியில் நூறு கட்டில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த நூறு கட்டிலில் ஒன்றில் சிவபாண்டியை உட்காரவைத்துப் பாருங்கள். முகம் தெரியாத வெள்ளை உடுப்புக்காரர்களைப் பார்த்து "தண்ணி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பான். இல்லப்பா, எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் நகர்ந்து போவார்கள்.

பாண்டிமீனா அதைத்தான் பார்த்தாள்.

அதனால் "அது இருமல் இல்லக்கா, ட்யூன்ல வர்றத அப்படியே செய்யிறான்" என்றாள். மாநகராட்சி அக்காவுக்கு அனுபவம் இருந்தது. "இப்ப வர்ற ட்யூன்ல இருமல் இல்லையே பாப்பா" என்றார். இவள் பதிவைப் போட்டுக் காட்டினாள். போனில் ஒருவன் இருமினான். கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொருவன் இருமினான். வித்தியாசமே இல்லை. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியை ஒரு தடவை நீட்டிப் பார்த்தார், அவன் அலறினான். காய்ச்சல் இருக்கா என்று இவளையே கேட்டார். அதற்குத்தான் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. அந்த எண் டிவியில் கேட்டது.

அன்று காலை அவன் நெற்றியைத் தொட்டபோது சுட்டது. உடனே சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் சுட்டது. தகரக் கூரை வீட்டில் ஜூன் மாதத்தில் எதைத் தொட்டாலும் சுடும்.

இவ்வளவுதான் என்றால் நான் எழுதவே மாட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் ஆட்டோவுக்குக் கிளம்பினான். நிறுத்தியிருக்கலாம். முத்துப்பாண்டி அண்ணன் தெளிவாகவே கேட்டார்.

"மீனா, மாப்ள இருமல் நெசமா, ட்யூனா?"

"ட்யூன்தாண்ணே."

"அப்பச் சரி. ஏறு மாப்ள."

அவள் உள்ளே போய், அந்த ஒரு மணி நேரமும் தூங்கினாள்.

6

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல். பதினாறாம் நாள் போன் வந்தது. முகத்தைக்கூடக் காட்டவில்லை என்று ரோகிணி அக்கா சொல்லிச் சொல்லி

(வேண்டாம். இந்த இடத்தில் அலங்காரமாக எழுத ஆரம்பித்தால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.)

முத்துப்பாண்டி அண்ணன் அந்த வாரம் ஊரடங்கு பாஸ் வாங்கி ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். இரண்டு நாள் தண்ணீர் லாரி வரிசையில் நின்றார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்துதான் தினமும் வந்தார். அம்மாவுக்குச் சோதனை செய்ததில் தொற்று இல்லை என்றே வந்தது. சிவபாண்டிக்கு யாரும் சோதனை செய்யவில்லை. அவன் ஒரு வாரம் இருமினான். ஆனால் அவன் மார்ச்சிலிருந்தே இருமிக்கொண்டிருந்தான்.

7

முடிவுகள்.

அ) பாண்டிமீனா நாளைக்குப் போய்ச் சொல்கிறாள். ரோகிணி அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "சின்னப்புள்ள நீ, என்ன செய்வ" என்கிறார். (எனக்கு இதம், அதனாலேயே சந்தேகம்.)

ஆ) சொல்கிறாள். அக்கா கதவைப் பூட்டிக்கொண்டு எழுமலைக்குப் போகிறார். 'என் வீட்டுக்காரருக்குக் கடைசி வரைக்கும் சிரிப்பு காட்டினது சிவாதான்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இனி அதுவும் இல்லை. அதைப் பிடுங்கிக்கொண்டுதான் இவள் பாரத்தை இறக்குகிறாள்.

இ) சொல்லவில்லை. அம்மாவிடம் இதைத்தான் கேட்டேன். இருட்டில் சத்தம் குறைவாகப் பேசினார். "நீ சொல்லி அவரு வரப்போறாரா? அவன் பேர்ல ஒண்ணு ஏத்திட்டா எறங்காதுடி. அவன் இல்லேன்னு சொல்லக்கூட வாய் இல்லாதவன்."

அம்மா சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் அன்று பொய் சொன்னது அவன் இல்லை. நான்.

மூன்றையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஒன்று தெரிந்தாக வேண்டும். அந்த ஒன்று தெரிந்தவன் இந்த வீட்டில் ஒருவன்தான்.

8

இன்று மத்தியானம் கேட்டேன். கேட்டது பாண்டிமீனா இல்லை, நான்தான்; இந்தப் பகுதியில் அவளை முன்னால் தள்ள முடியாது.

பதினாலு வயதாகிறது அவனுக்கு. மீசை அரும்புகிறது. தரையில் உட்கார்ந்து பட்டாணியை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜெயக்கொடி டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி, சின்ன வாக்கியமாக, அவசரப்படாமல், அவன் கண்ணைத் தேடாமல் கேட்டேன்.

"சிவா. அன்னைக்கு ஆட்டோல. உனக்குத் தொண்ட வலிச்சுச்சா?"

கை நின்றது. பிறகு என் தோளுக்கு மேல் எங்கேயோ பார்த்துச் சொன்னான்.

"தொண்ட வலிச்சுச்சா?"

மறுபடியும் பட்டாணியைப் பிரிக்கத் தொடங்கினான்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அவன் பேசுகிற விதம் உங்களுக்கும் இப்போது கொஞ்சம் பழகியிருக்கும். சொல்லுங்கள். அவன் என் கேள்வியைத் திருப்பிக் கொடுத்தானா, பதில் சொன்னானா?