ஒரே தீவு போதும்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு விடுதியில் சம்பூர்ணம் பல வருஷங்களாக அறை சுத்தம் செய்து வந்தாள். குழந்தைகளோடு வருகிறவர்கள் தங்கும் கீழ்த்தளம் அவள் பொறுப்பு. கட்டிலில் மணல், ஜன்னல் கம்பியில் சொட்டச் சொட்டக் காயும் சின்னஞ்சிறு சட்டைகள், தரையில் பாதி தின்ற பிஸ்கட். இதையெல்லாம் பார்த்தே எந்தக் குடும்பம் சந்தோஷமாக இருக்கிறது, எது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

2002 காணும் பொங்கலன்று பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கியது. வேலை முடிந்து களைத்து வந்தவளிடம் மகள் ஸ்வாதி கேட்டாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண்.

"எல்லாரும் நம்ம ஊருக்கு வராங்க. நாம எந்த ஊருக்கும்மா போவோம்?"

ஒரு வாரம் கழித்து, சோறு போடும்போது சம்பூர்ணம் புருஷனிடம் சொன்னாள்.

"முழுப் பரீட்ச லீவுல அந்தமானுக்குப் போலாம்யா. நாலு பேரும்."

கோதண்டராமன் மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் ரிப்பேர் செய்கிறவன். வாயில் வைத்த கவளத்தோடு சிரித்தான்.

"இன்னாமே, வூட்டுக்குப் பின்னாலயே கடல் கீது. கடலப் பாக்கக் கடல் தாண்டிப் போவணுமா?"

"கடலப் பாக்க இல்லயா. நாம போய் எறங்கனா 'வாங்க'ன்னு ஒருத்தர் சொல்லணும். பசங்க அதக் காதால கேக்கணும்."

மறுநாளே அவன் சென்னைக்குப் போய் வந்தான். கப்பல் விவரம் கேட்டு வந்ததோடு, ஒரு டிராவல்ஸ் கடையில் கொடுத்த வழவழப்பான படப் புத்தகத்தையும் கொண்டுவந்து பாயில் விரித்தான். பழைய ஜெயில், மியூசியம், பவழப்பாறை, வரிசையாக ஐந்து தீவுகள். ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்தான்.

"அவ்ளோ தூரம் போய் வுட்டுட்டு வர முடியுமா? அத்தினியும் பாத்துடணும்."

"வாணாம். ஒரே தீவு போதும். போனமா, அங்கியே தங்கனமான்னு இருக்கணும்."

"பைத்தியமா உனுக்கு?"

"நான் தெனம் பாத்துகினு கீறேன்யா. காத்தால கோயிலு, மத்தியானம் முதலப் பண்ண, சாயங்காலம் பீச்சுன்னு இழுத்துகினு போறவங்க வூட்டுக் கொழந்த ராத்திரி காய்ச்சல்ல கெடக்குது. அப்பனும் ஆத்தாளும் மூஞ்சத் திருப்பிகினு பேஜாராப் போறாங்க. மண்ணுல வுட்டுட்டு சும்மா குந்திகினு இருந்தவங்கதான் சிரிச்சிகினு கெளம்பறாங்க."

கோதண்டராமன் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள், "ஜெயிலு மட்டுமாவது?" என்றான்.

"சரி. கப்பல் எறங்கன அன்னிக்கு."

குழந்தைகளையும் கேட்டாள். ஆறு வயது பிரவின்குமாருக்குக் கப்பலில் மேல் படுக்கை வேண்டும். ஸ்வாதிக்கு வேறு ஆசை: தங்கும் இடத்துப் பெரிய நோட்டில் நாலு பேர் பெயரையும் அவள்தான் எழுத வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டினாள்.

லீவு கேட்டபோது சூப்பர்வைசர், "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஃபேமிலியோட டூர் போறோம்."

இந்த வார்த்தைகளை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறாள். தன் வாயால் சொன்னபோது குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த வசந்தா திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் கடைசியில் கப்பல் ஏறினார்கள். பிரவின்குமார் மேல் படுக்கையில் குரங்கு மாதிரி தொற்றிக்கொண்டான். கடலில் யாருக்கு வயிற்றைப் புரட்டினாலும் கொடுக்கலாமென்று சம்பூர்ணம் எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தாள். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகிலேயே வளர்ந்த கோதண்டராமன்தான், மூடிய அறையின் டீசல் நெடி தாங்காமல் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"குப்பத்துல யாராண்டயும் சொல்லாதமே," என்றான் பரிதாபமாக.

"சொல்ல மாட்டேன். இத மோந்துகினு படு."

இறங்கிய அன்று ஜெயிலைப் பார்த்தார்கள். மறுநாள் படகேறி ஹேவ்லாக் தீவுக்குப் போனார்கள். தென்னந்தோப்புக்குள் ஒரு சின்ன விடுதி. மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து, "வாங்க, வாங்க" என்றார். ஸ்வாதி நுனிக்காலில் நின்று, நாக்கைக் கடித்தபடி நாலு பெயரையும் எழுதி முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த நாள் காலை அப்பாவும் பையனும் தண்ணீரில் கிடந்தார்கள். அறையைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வந்தாள். பெயர் ஞானம்பாள். அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் விரிப்பை உதறியதும் சம்பூர்ணத்தின் கை தானாக மறுமுனையைப் பிடிக்கப் போனது.

"ஐயோ, நீங்க உக்காருங்கம்மா."

சம்பூர்ணம் உட்கார்ந்தாள். அது எளிதாக இல்லை. அப்போது ஸ்வாதி சொன்னாள்:

"எங்கம்மாவும் இதே வேலதான் பாக்கறாங்க ஆன்ட்டி. மாமல்லபுரத்துல. இந்த டூருக்கு எங்க போவணும், இன்னா பாக்கணும், எல்லாமே எங்கம்மாதான் முடிவு பண்ணாங்க. எங்க நைனா சொன்னதக்கூட ஒத்துக்கல."

சம்பூர்ணம் மகளையே பார்த்தாள். வெளியூரில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே, அம்மாவின் வேலையைச் சொல்லப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்குமோ என்று கப்பலில் வரும்போதுகூட நினைத்திருந்தாள். ஸ்வாதியோ பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சம்பூர்ணத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது.

ஞானம்பாளின் கை நின்றுவிட்டது. "மாமல்லபுரமா? டிவில பாத்ததுலேருந்து என் பசங்க கூட்டிட்டுப் போன்னு ஒரே நச்சரிப்பு. எங்க வீட்டுக்காரருக்கும் ஆசைதான். எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

சம்பூர்ணம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"மொதல்ல குந்துங்க. பசங்களுக்கு இன்னா வயசு?"

"பெரியவனுக்கு எட்டு. சின்னதுக்கு நாலு."

"அப்ப மே மாசம் வராதீங்க, வெயிலு கொளுத்தும். தை பொறந்து கூட்டம் அடங்கனப்பறம் வாங்க. மொத நாளு ஒண்ணும் பாக்க வாணாம். பசங்கள மண்ணுல வுட்டுடுங்க..."

வெளியிலிருந்து கோதண்டராமன் இரண்டு முறை கூப்பிட்டான். "இன்னா பண்றே? தண்ணி சூப்பரா கீது, வா!"

"இருய்யா, வரேன்," என்று குரல் கொடுத்துவிட்டு, சம்பூர்ணம் இரண்டாம் நாளுக்கு வந்தாள்.