முடிச்சவிக்கி

கல்யாணமாகிச் சின்னாளபட்டியிலிருந்து சேவுகம்பட்டிக்கு வந்த எட்டு மாதத்தில் சூர்யகலா மனம்விட்டுப் பேசியது மாமியார் வீட்டு எருமையோடுதான். அப்படிப்பட்டவள் கையில் அந்த நீள நோட்டு வந்து சேர்ந்தால் சும்மா இருப்பாளா?

திண்டுக்கல் நாகல் நகர் செபாஸ்தியம்மாள் டீச்சர் ஆரம்பித்த நோட்டு அது. ஐந்து ஊர், ஐந்து பெண்கள். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு கருத்தாக எழுதுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நாள் தங்கிவிட்டு, பூ வேனிலோ பஸ்ஸிலோ அடுத்த ஊருக்குப் போகும். நிலக்கோட்டை அழகம்மாளுக்கு அடுத்தது சூர்யகலா. அவளைச் சேர்த்துக்கொண்டபோது டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மொதப் பக்கத்துல இருந்து படிச்சிட்டு அப்புறம் எழுதும்மா. அவசரமில்ல."

அவசரமில்லையாம்! எட்டு மாதப் பேச்சு தொண்டையில் நிற்கிறது, பழைய பக்கத்தையெல்லாம் எவள் படிப்பாள்? கடைசிக் கேள்வியை மட்டும் படித்தாள். வயசுக்கு வந்த பெண்ணை மேலே படிக்க வைக்கலாமா என்று மூன்று பேர் ஆறு பக்கத்துக்கு மல்லுக்கட்டியிருந்தார்கள். அழகம்மாள் ஒரே வரியில் முடித்திருந்தாள்: "அந்தப் பிள்ளைய யாராச்சும் கேட்டீங்களா?" இவள்தான் எனக்குச் சிநேகிதி என்று சூர்யகலா அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள். பேனாவை எடுத்து எழுதினாள்: "அழகம்மா அக்கா சரியான முடிச்சவிக்கி!"

அவள் பிறந்த வீட்டில் அது கொஞ்சல். சுங்குடிச் சேலைக்கு நூலால் முடிச்சுப் போட்டு, சாயம் தோய்த்துக் காயவைத்து, பிறகு துணியை இழுத்து முடிச்சுகளை அவிழ்ப்பார்கள். அவிழ்த்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி தெரியும். அந்த வேலைக்கு முந்திக்கொண்டு வந்து உட்காருகிறவளை, "வாடி முடிச்சவிக்கி" என்பாள் அம்மா. ஊருக்குள் அந்த வார்த்தைக்குத் திருடன் என்று அர்த்தம் என்பது சூர்யகலாவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதனால்தான் வீட்டில் அத்தனை சிரிப்பு.

நோட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் எழுதியதற்குக் கீழே அழகம்மாளின் கோணல் எழுத்து: "பதினொண்ணாம் பக்கத்தப் படிச்சிட்டுத்தான் எழுதினியா தாயி?"

புரட்டினாள். பூ மார்க்கெட்டில் யாரோ ஒரு அம்மாள் சேலையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து எடுத்துவிட்டதாக அழகம்மாளின் புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. "தெருவுல நடந்தா முதுகுக்குப் பின்னால அந்த ஒரு வார்த்தையத்தான் சொல்றாங்க. இந்த நோட்டுக்குள்ள வந்தாத்தான் அது என் காதுல விழுகல" என்று எழுதியிருந்தாள். அதற்கப்புறம் யாரும் அதைப் பற்றி ஒரு எழுத்து எழுதவில்லை. அடுத்த பக்கத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்கள்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! நோட்டில் விளக்கம் எழுதினால் மற்றவர்களும் படிப்பார்கள், அது இன்னும் கேவலம். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த, இன்னும் முடிச்சு அவிழ்க்காத ஒரு சுங்குடித் துண்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

அழகம்மாள் வாசலில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். வந்தவள் யாரென்று சொன்னதும் கை நின்றது.

"அக்கா, எங்க ஊர்ல இதத்தான் அப்படிச் சொல்லுவோம். சத்தியமா வேற நெனப்பில்லக்கா." சூர்யகலா துணியை இரு கையாலும் இழுத்துக் காட்டினாள். முடிச்சுகள் படபடவென்று தெறித்து உதிர்ந்தன.

அழகம்மாள் துணியை வாங்கி ஒரு புள்ளியைத் தடவிப் பார்த்தாள். "அம்புட்டு அழகா இருக்கு. நீ கெட்ட எண்ணத்துல எழுதல, தெரியுது."

"அப்ப கோவமில்லையேக்கா?"

"கோவமில்ல தாயி. ஆனா நோட்டத் தொறந்தா இப்ப அந்த வார்த்தைதான் கண்ணுல நிக்குது." உதிர்ந்த நூல்களைக் கூட்டி ஓரமாக வைத்தாள். "செத்த நேரம் இரு, காப்பி போடுறேன்."

சூர்யகலா காப்பியைக் குடித்தாள்.

அடுத்த முறை, முன் அட்டையில் எழுதியிருந்த ஊர் வரிசையில் நிலக்கோட்டை என்ற பெயரை டீச்சர் கோடு போட்டு அடித்திருந்தார். நோட்டு சேவுகம்பட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.