வெர்னெலுக்கு வைத்த தாடி

எங்கள் தெருமுனைச் சலவைக்கடைச் சுவரில் பன்னிரண்டு முகங்கள் வரைவதாக முடிவானது. எல்லாரும் வடக்கு பிலடெல்பியாவில் எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகள். எல்லாரும் சிறையில் இருப்பவர்கள். வரைகிற ஹாஸ்கலும் பதினோரு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன்தான். பணம் கொடுத்த சங்கத்துக்காரர்கள் தாய்மாரிடம் பள்ளிக்கூடப் போட்டோவாகக் கேட்டு வாங்கினார்கள். பிஞ்சு முகமாக இருந்தால்தான் பார்க்கிறவர்கள் மனம் இளகுமாம்.

என் தோழி வெர்னெல் மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் மகன் ரோடெல் பதினெட்டு வயதில் போனவன். ஆயுள் தண்டனை. இப்போது நாற்பத்தாறு.

"பதினெட்டு வயசுப் பையனுக்கு ரெண்டு சொட்டு அழுதுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க," என்றாள். "இப்ப இருக்கிறவனை வரை. தன் தெருவுல தன் முகம் இருக்குன்னு அவன் பாக்கணும்."

இப்போதைய முகத்துக்கு எங்கே போவது? சிறைப் பார்வையாளர் அறையில் கைதியோடு படம் எடுத்துத் தருகிற கேமரா கெட்டுப்போய் நான்கு வருடம். ஐந்து மணி நேரப் பஸ் பயணத்துக்கு வெர்னெலின் முழங்கால் ஒத்துழைக்காமல் போயும் இரண்டு வருடம். அரசாங்க இணையதளத்தில் கைதி எண்ணோடு கிடந்த ரோடெலின் படத்தை ஹாஸ்கல் அச்செடுத்து வந்தான். அவள் அதை நான்காக மடித்து அவன் பையிலேயே திணித்தாள்.

"அப்ப எதைப் பாத்து வரையறது, மிஸ் வெர்னெல்?"

"என்னைப் பாத்து."

நான்கு சனிக்கிழமை, துணி உலர்த்தும் இயந்திரங்களுக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். மகன் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு புருவத்தில் எங்கே என்று தன் முகத்தில் விரல் வைத்துக் காட்டினாள். தாடி நரைத்துவிட்டதென்று ரோடெல் எழுதியிருந்தான். ஹாஸ்கல் அதையும் வைத்தான்.

"தாடியில நீ உங்கப்பன் மாதிரியே இருக்கடி," என்றேன்.

"எனக்கு அவன் வரைஞ்சது. உனக்குத் தானா முளைக்குதேடி, அதைப் பாரு."

திறப்பு விழாவில் பொரித்த மீனும் மக்ரோனியும் இருந்தன. சங்கத்துப் பெண்மணிகள் பிஞ்சு முகங்களுக்கு முன் நின்று கண்ணைத் துடைத்தார்கள். ரோடெலிடம் வந்ததும் ஒருத்தி, இது யாருடைய அப்பா என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். வெர்னெல் அந்த முகத்தைப் போட்டோ எடுத்து, அடியில் 'நம் தெருச் சுவர்' என்று எழுதி மகனுக்கு அனுப்பினாள்.

மூன்று வாரத்தில் உறை திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: வேறொரு கைதியின் படம், அனுமதி இல்லை.

வெர்னெல் சிறைத் தபால் அறைக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் காத்திருந்தபின் ஓர் ஆண்குரல் வந்தது. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"மேடம், ஒரு கைதியோட படத்தை இன்னொரு கைதிக்கு அனுப்பக் கூடாது."

"அது என் மகனோட படம். அவனுக்கேதான் அனுப்பினேன்."

விசைகள் தட்டும் சத்தம். "இல்ல மேடம். நீங்க அனுப்பினது இங்க ஸ்கேன்ல இருக்கு, உங்க மகன் படமும் பக்கத்துலயே இருக்கு. இது அவர் இல்ல. வேற ஆள்."

"ஆமா," என்றாள் வெர்னெல். "அது நான்."

மறுபடி விசைகள் தட்டும் சத்தம். பிறகு அதே குரல், அதே மரியாதையோடு கேட்டது: "உங்க கைதி நம்பர் சொல்லுங்க, மேடம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, எந்தச் சீட்டையும் பார்க்காமல், ரோடெலின் கைதி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள்.

"தேடிப் பாக்கறேன். லைன்ல இருங்க," என்றான். ஏதோ பாட்டு ஒலிக்கத் தொடங்கியது. வெர்னெல் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.