காந்தம் ஒட்டாத டிரெய்லர்

அந்த வாரம் பூரா அஷ்பாக் பேண்ட் பாக்கெட்ல ஒரு காந்தம் இருந்துச்சு. பழைய ஸ்பீக்கர்லருந்து பிரிச்சது, வட்டமா, நல்ல கனம், நடந்தா தொடையில இடிக்கும். கள்ளக்குறிச்சி கடைவீதியில அவுங்க அம்மா நூர்ஜகான் எவர்சில்வர் பாத்திரக்கடை வெச்சிருக்காங்க. கல்லா பக்கத்துல ஆணில மாட்டியிருந்த காந்தத்த, அவுங்க அந்தாண்ட திரும்புன நேரத்துல லவட்டிக்கினு வந்துட்டான்.

எதுக்குன்னா, அவன் டிராக்டர்ல மாட்டி இழுக்குற டிரெய்லர் வாங்கப் போறான். டிரெய்லர் செய்றவன் எல்லாம் திருடன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வாங்கவே கெளம்புனான்.

சும்மா சொல்லக்கூடாது, காரணம் இருந்துச்சு. கல்வராயன் மலைல ஆடு வாங்கி கீழ கொண்டாந்து விக்கிறது அவன் தொழிலு. போன மாசம் வாடகை டிரெய்லர்ல ஆடுங்கள ஏத்திக்கினு வெள்ளிமலைலருந்து எறங்குறான், ஒரு வளைவுல தரைத்தகடு பொத்துக்கினு ஒரு கெடாவோட காலு உள்ள போயி ஒடஞ்சுடுச்சு. அது கத்துன கத்து இன்னும் காதுலயே இருக்குது. மேல பாத்தா பச்சப்பசேல்னு பெயிண்ட்டு. உள்ள தகடு துருப்புடிச்சு அப்பளமா கெடக்குது. ஓட்டையெல்லாம் பெயிண்டருங்க பூசுற பட்டிய அப்பி மூடி, மேல கலர் அடிச்சு வுட்டுட்டானுங்க. பட்டி மேல காந்தம் ஒட்டாது, அதுக்குத்தான் இந்த காந்தம்.

அந்த கெடாவ வளத்தது வெள்ளிமலை அமிர்தம். அவுங்க சத்தமெல்லாம் போடல.

"தோ பாரு பாய், வித்துட்டா நமக்கின்னான்னு போறவ நான் இல்ல. இன்னொரு ஆட்டுக்கு காலு ஒடஞ்சுதுன்னு என் காதுல வுழுந்துச்சு, நீ என் கொட்டா பக்கமே வராத."

அமிர்தம் ஆடு குடுக்கலன்னா அக்கம்பக்கத்துல எவனும் குடுக்க மாட்டான். அப்பறம் அஷ்பாக் அம்மா கடையில டம்ளர் தொடைக்க வேண்டியதுதான்.

அதனாலதான் சொந்த டிரெய்லர். ரிஷிவந்தியம் பக்கத்துலருந்து தங்கதுரைன்னு ஒரு விவசாயி கூட்டு சேந்தாரு. அவுருகிட்ட டிராக்டர் இருக்குது, சைலேஜும் போடுறாரு. சைலேஜ்னா பச்ச மக்காச்சோளத்த தட்டையோட பொடியா வெட்டி, குழியில அமுக்கி, காத்து போவாம மூடி புளிக்க வெக்கிற மாட்டுத்தீவனம். ஏறும்போது மலைல இருக்கிற மாடுங்களுக்கு சைலேஜ், எறங்கும்போது ஆடு. வண்டி ஒரு பக்கமும் காலியா ஓடாது.

இதுல ஒரு சிக்கல் இருக்குது. ஆட்டு டிரெய்லருக்கு காத்து வேணும், சுத்தி கம்பி போட்டு தொறப்பா இருக்கணும். சைலேஜ் டிரெய்லர்ல சந்தே இருக்கக்கூடாது, இருந்தா தூளு ரோடெல்லாம் கொட்டிக்கினு போவும். ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணுதான், தரை. சைலேஜ்ல புளிச்ச சாறு வடியும், ஆடு மூத்திரம் பேயும். ரெண்டும் இரும்ப தின்னுடும்.

மொதல்ல சேலம் ரோட்டுல ஒரு கம்பெனி ஷோரூம் போனாங்க. ஆரஞ்சு கலர்ல பளபளன்னு நிக்குது. டை கட்டுன பையன் ஓடியாந்து, "சார், எல்லாம் மிஷின் வெல்டிங் சார், ஒரே கோடு மாரி இருக்கும் பாருங்க"ன்னான். அஷ்பாக் காந்தத்த எடுத்தான். சைடுல வெச்சான், தட்டுனு ஒட்டுச்சு. மூலையில ஒட்டுச்சு. உள்ள ஏறி தரையில குந்திக்கினு சாண் சாணா நகத்தி நகத்தி வெச்சான், எல்லா எடத்துலயும் ஒட்டுச்சு.

தங்கதுரை ஒரு மிதி மிதிச்சாரு. தகடு டொய்ங்னுச்சு.

"மெலிசா இருக்குது தம்பி."

"பட்டி இல்லண்ணே. அதுதான் முக்கியம்."

"ஒரே மட்டமா வேற இருக்குது. தண்ணி எந்தாண்ட போவும்?"

அஷ்பாக் அவுரு மூஞ்சியவே பாத்தான். இவுரு ஏன் இத கொற சொல்லிக்கினே இருக்காரு? இன்னும் அடுத்த எடத்த பாக்கவே இல்லையே?

அடுத்த எடம் கச்சிராயபாளையம் ரோட்டுல கலையரசன் பட்டறை. கலையரசன் வாய் திறந்தா அவன் பெருமைதான். "என் டிரெய்லர்ல யானைய ஏத்துங்க பாய். யானைதான் கத்தும், டிரெய்லர் கத்தாது." இவங்க உக்காரதுக்குள்ள டீ வந்துடுச்சு. யாருமே சொல்லல, தானா வந்துச்சு. தங்கதுரைக்கு மட்டும் சக்கர கம்மியா வந்துச்சு.

அஷ்பாக் டம்ளரோட தங்கதுரை பக்கம் சாஞ்சான். "உனுக்கு சக்கர கம்மின்னு இவனுக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

"என் வூட்டுக்காரியும் இவன் வூட்டுக்காரியும் ஒரே ஊருப்பா. கல்யாணம் காதுகுத்துன்னா பாத்துக்குவோம்."

ஓஹோ, அப்பிடியா சேதின்னு மனசுல போட்டு வெச்சுக்கினான்.

டிரெய்லர் என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு. கீழ் பாதி மூடுன தகடு, மேல் பாதி கம்பி. சைலேஜ் போடும்போது கம்பிக்கு உள்பக்கமா பலகைய சொருவிக்கலாம், ஆடு ஏத்தும்போது உருவிக்கலாம். தரைய பின்பக்கமா லேசா சாய்ச்சு, மூலையில ஒரு ஓட்டையும் அதுக்கு மூடியும். வெல்டிங்தான் பாக்க சகிக்கல, மண்புழு நெளிஞ்ச மாரி.

அஷ்பாக் காந்தத்த எடுத்தான். சேசிஸ், ஒட்டுச்சு. சைடு, ஒட்டுச்சு. தரையில வெச்சான்.

சறுக்கிக்கினு போச்சு.

இன்னொரு எடத்துல வெச்சான். கை எடுத்ததும் டங்குனு உருண்டு மூலைல போய் நின்னுச்சு. தரை பூரா எங்கயுமே ஒட்டல. அவனுக்கு காது சூடாயிடுச்சு.

"கலை, இது இன்னா?"

கலையரசன் யானை கதையெல்லாம் வுட்டுட்டு வேற பக்கம் பாத்தான். "நல்ல தகடுதான் பாய்."

"காந்தம் ஒட்டல."

"ஒட்டலன்னா இன்னா? ஆடு காந்தத்துலயா நிக்கப் போவுது?"

அஷ்பாக் பைக் சாவிய எடுத்து தரைல ஒரு இழுப்பு இழுக்கப் போனான். கலையரசன் பாஞ்சு வந்து கைய புடிச்சுக்கினான். "யோவ், கீறாத! நேத்துதான் பெயிண்ட் அடிச்சது!"

"கீறுனா உள்ள இருக்கிறது தெரிஞ்சுடும், அதானே?"

"உள்ள எது இருந்தா உனுக்கின்னா? வேணும்னா வாங்கு, இல்லன்னா நடையக் கட்டு!"

தங்கதுரை நடுவுல வந்தாரு. "தம்பி, இவன் வாய்தான் நீளம், வேல சுத்தம்..."

"நீ சும்மா இருண்ணே. சக்கர கம்மியா டீ குடிக்கும்போதே எனுக்கு தெரியும், நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு."

தங்கதுரை டீ டம்ளர அப்பிடியே பெஞ்சு மேல வெச்சாரு. அப்பறம், "டிரெய்லர் உன்னுது, இஷ்டமும் உன்னுது. என் டிராக்டர் எதையும் இழுக்கும்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

கம்பெனி டிரெய்லரையே வாங்குனான். மறுவாரமே கலையரசன் டிரெய்லர அஷ்பாக்கோட அத்த மவன் நவுஷாத் எடுத்துக்கினான். அவனும் ஆட்டு வியாபாரிதான். அஷ்பாக் ஒரு வார்த்த எச்சரிக்கல. பொத்துக்கும்போது தெரிஞ்சுக்கட்டும்னு வுட்டுட்டான்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. ஒவ்வொரு தடவ மலையேறும்போதும் சைலேஜ் சாறு அந்த மட்டமான தரைல குட்டையா நிக்கும். எறங்கும்போது அது மேல ஆடு மூத்திரம். தங்கதுரை கழுவச் சொன்னாரு, கழுவுனான். அப்பவும் ஆரஞ்சு பெயிண்ட்டு கொப்புளம் கொப்புளமா கெளம்புச்சு. அஷ்பாக் வாரம் தவறாம காந்தம் வெச்சுப் பாப்பான். ஒட்டுச்சு. பாத்தியா, ஒட்டுதுன்னு தங்கதுரைகிட்டயும் காட்டுவான். அவுரு ம்னு கேட்டுக்குவாரு.

ஒரு மத்தியானம், அமிர்தம் ஆடுங்கள ஏத்திக்கினு எறங்குறாங்க. மழை வுட்டு மண்ணெல்லாம் சொதசொதன்னு இருக்குது. பின்னாடி ஆடுங்ககூடவே நின்னுக்கினு வந்த அஷ்பாக்குக்கு காலுக்கடியில இன்னாவோ மெத்துன்னு அமுங்குன மாரி இருந்துச்சு. குனிஞ்சு பாத்தான். கொப்புளம் ஒடஞ்ச எடத்துல, கீழ ரோடு ஓடுறது தெரிஞ்சுது.

"நிறுத்துண்ணே! நிறுத்து!"

தங்கதுரை ஓரம் கட்டுனாரு. ஆடுங்க எல்லாம் ஒரு மூலைல முட்டிக்கினு நிக்குது. ஒரு சின்ன குட்டி அந்த ஓட்டைக்கு பக்கத்துலயே காலத் தூக்கித் தூக்கி வெக்குது. அஷ்பாக் அத வாரி தோள்ல போட்டுக்கினான். நெஞ்சு அடிக்கிற அடி அவனுதா குட்டியோடதான்னு தெரியல. ஒண்ணொண்ணா தூக்கி கீழ வுட்டு, கவுத்துல கட்டி, ரோட்டோரம் உக்காந்தாச்சு. இனிமே எதுல கொண்டு போறது?

கொஞ்ச நேரத்துல மேலருந்து ஒரு டிராக்டர் சத்தம். சைலேஜ எறக்கிட்டு காலியா வர்றான் நவுஷாத்.

"இன்னாடா மச்சான், ரோட்டுல சந்த போட்டுட்ட?"

அஷ்பாக்குக்கு அவன் டிரெய்லர்ல ஏத்த மனசே வரல. "உன் தரை நிக்குமா? நெஜமா சொல்லு."

"ஏறி குதி."

ஏறுனான், குதிச்சான். மலை பாறைல குதிச்ச மாரி இருந்துச்சு, சத்தமே வரல. குளம்பு தேச்சுத் தேச்சு பெயிண்ட்டு போன எடத்துலயெல்லாம் தரை வெள்ள வெளேர்னு மின்னுது. ஒரு பொட்டு துரு இல்ல. அதுல அவன் மூஞ்சி தெரிஞ்சுது. எங்கயோ பாத்த மினுமினுப்பு.

"இது... எவர்சில்வரா?"

"பழைய பால் டேங்கர ஒடச்ச தகடுடா. காயலாங்கட சரக்குன்னா எவனும் வாங்க மாட்டான்னு பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டான் கலை. பெயிண்ட்டு போனதும் நான் போய் சட்டைய புடிச்சேன், அப்பறம்தான் சொன்னான்."

அஷ்பாக்குக்கு சின்ன வயசுலருந்து கேட்ட அம்மா கொரலு காதுல வந்து வுழுந்துச்சு. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்த காந்தத்தயே தட்டு மேல வெச்சுக் காட்டி, "பாத்துக்கம்மா, ஒட்டல பாரு, ஒட்டாததுதான் அசல் சரக்கு"ம்பாங்க. காந்தத்த மட்டும் லவட்டிக்கினு வந்தவன் அந்த பேச்ச கடையிலயே வுட்டுட்டு வந்துட்டான்.

தங்கதுரை ஆட்ட ஏத்திக்கினு இருந்தாரு. அஷ்பாக் பக்கத்துல போயி, "அண்ணே, அன்னைக்கு அந்த டீ..."ன்னு இழுத்தான்.

"குட்டிய புடிப்பா மொதல்ல. வழுக்குது."

சாயந்திரம் அமிர்தம் போன் பண்ணாங்க. நடுரோட்டுல ஆடு நின்ன சேதி அவுங்களுக்கு அதுக்குள்ள போயிடுச்சு. "காலெல்லாம் நல்லா இருக்குதா?"

"எல்லாம் நல்லா இருக்குதுங்க. ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவல."

"சரி. தரைய மாத்திட்டு மேல வா. அந்த தரையோட வராத."

மறுநாள் கம்பெனி டிரெய்லர இழுத்துக்கினு பட்டறை வாசல்ல போய் நின்னாங்க. கலையரசன் உக்காந்த எடத்துலருந்து எந்திரிக்கல. "இன்னா பாய், காந்தம் எடுத்தாந்தியா?"

அஷ்பாக் தலைய சொறிஞ்சான். "அதே தகடு போட்டுக் குடு. சாய்ச்சு போடு, ஓட்டையும் வெய்யி."

வேல முடிஞ்சு வந்து பாத்தா, இந்த தடவ தரைக்கு பெயிண்டே அடிக்கல. பால் கம்பெனி எழுத்து பாதி அழிஞ்சு தலைகீழா தெரியுது. "கீறணும்னா கீறிக்க"ன்னு கலையரசனே சாவிய நீட்டுனான். டீ வந்துச்சு. தங்கதுரைக்கு சக்கர கம்மி.

அஷ்பாக் சாவிய வாங்கல. காந்தத்த எடுத்து தரைல வெச்சான். சறுக்கிக்கினு போயி ஓட்டைகிட்ட நின்னுச்சு. அவன் மூஞ்சி மலந்துடுச்சு. தங்கதுரை டீய குடிச்சுட்டு டிராக்டர ஸ்டார்ட் பண்ணாரு. மேல அமிர்தம் காத்துக்கினு இருக்காங்க, சைலேஜ் வேற ஏத்தணும்.

அஷ்பாக் எறங்கும்போது சும்மா காந்தத்த சைடு தகட்டுல வெச்சான். தட்டுனு ஒட்டிக்கிச்சு.

அப்பிடியே நின்னுட்டான்.

"அண்ணே, இங்க மட்டும் ஏன்ணே ஒட்டுது? இது அசல் சரக்கு இல்லியா?"

தங்கதுரை திரும்பியே பாக்காம கியர போட்டாரு.