கல்லின் மறுபாதி

முதல் ஆணி கீச்சென்று கழன்றபோது மோராக் கெடிஸ் பலகைக்கு இன்னும் கிட்டே போனாள். முந்தின இரவு அவள் தூங்கவே இல்லை.

அந்த ஸ்காட்லாந்து ஊர்த் தேவாலயத்தின் வடக்குச் சுவரில் பதித்திருந்தது வெட்டர்ஸ்பூன் என்ற வணிகக் குடும்பத்தின் கல்லறைக் கல். கல்லில் பாதியைத்தான் ஊர் பார்த்திருக்கிறது: பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து டான்சிக் துறைமுகத்தோடு வாணிகம் செய்த அலெக்சாண்டர் வெட்டர்ஸ்பூனின் பெயர், ஒரு கப்பலின் பாதி, ஒரு மண்டையோடு. மறுபாதியின் மேல், எந்தக் காலத்திலோ ஒரு பிரபு தன் குடும்பம் உட்காரப் பலகை அடித்து இருக்கை போட்டுவிட்டார்.

இப்போது தேவாலயம் விற்பனைக்கு வந்துவிட்டது. கல்லில் பெயர் உள்ள குடும்பமே முடிவு செய்யட்டும் என்று திருச்சபை ஒதுங்கிக்கொண்டது. கார்டன் வெட்டர்ஸ்பூன் முடிவு செய்தும்விட்டான். பெயர்த்து, தன் ஹோட்டலில் விஸ்கி பாருக்கு எதிரே நிறுத்துவானாம். அந்தக் கல்லின் கீழே தங்கள் முன்னோரும் கிடக்கிறார்கள் என்று கெடிஸ் வீட்டில் தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். சொல்லத்தான் முடிந்தது, காட்ட முடியவில்லை. பலகையையாவது கழற்றிப் பாருங்கள் என்று மோராக் நச்சரித்ததில் இன்று தச்சன் ஃபேர்லி வந்திருந்தான்.

கார்டனும் வந்தான். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"உங்க ஆளுங்க மீனுக்கு உப்புப் போட்டவங்க, மோராக். இங்க எதுக்கு வந்து படுக்கப்போறாங்க?"

"அந்த மீனைத்தான்டா உங்க பாட்டன் டான்சிக்ல கொண்டுபோய் வித்தான்."

ஃபேர்லி தோள் குலுங்கச் சிரித்துவிட்டு அடுத்த ஆணிக்குப் போனான்.

"அப்படியே கெடிஸ் பொண்ணு ஒருத்தி எங்க வீட்டுக்கு வாழ வந்திருந்தாலும், கல்லுல வெட்டர்ஸ்பூன்னுதான வெட்டியிருப்பாங்க?"

"உங்கம்மா கல்லைப் போய்ப் பாரு. எந்தப் பேரு இருக்கு?"

கார்டன் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். அவன் அம்மாவின் கல்லில் இருந்தது அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர். ஸ்காட்லாந்தில் மனைவி பெயரைக் கல்லில் அப்படித்தான் வெட்டுவார்கள். போன வருடம் கல்தச்சனிடம் சொல்லி வெட்டவைத்ததே அவன்தான்.

பலகை சாய்ந்தது. மூவரும் தாங்கி இறக்கினார்கள். தும்மல் அடங்குவதற்குள் மோராக் முழங்காலிட்டு, சட்டைக் கையாலேயே தூசியைத் துடைத்தாள். காற்றும் வெளிச்சமும் படாத எழுத்துகள் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தன. டார்ச்சைக் கல்லுக்கு அருகே பிடித்தாள். விரலால் தடவித் தடவி உரக்கப் படித்தாள்.

"ஜோனெட் கெடிஸ், அவருடைய மனைவி. தானும் தன் தகப்பன் வீட்டாரும் துயில, தன் பணத்தில் இதைக் கட்டினாள்."

படித்து முடித்ததும் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கார்டன் குனிந்து பார்த்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். கட்டியதே அவள்தானா என்று முணுமுணுத்தான். பிறகு, கல்லை இரண்டாக அறுக்க முடியுமா என்று ஃபேர்லியிடம் கேட்டான்.

"அறுக்கலாம்," என்றான் ஃபேர்லி. "கப்பலும் ரெண்டாப் போகும்."

மோராக் எழுந்து கல்லில் சாய்ந்து நின்றாள். முழங்கால் முழுக்கத் தூசி.

"எங்க பேரும் இருக்கு, கார்டன். நான் சம்மதிக்கல. கல்லு இங்கேயே இருக்கும்."

கல்லைப் பெயர்க்க வரவேண்டாம் என்று கட்டிட மேஸ்திரிக்குப் போன் செய்ய அவன் வெளியே போனான். அவள் ஃபேர்லியை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள், முன்னிலும் சத்தமாக.