பன்னிரண்டாவது பிள்ளை நிற்கும் இடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில்தான் இந்தக் கதை பிறந்தது. இரண்டாம் வகுப்புப் பாடநூலுக்காக, தேச ஒற்றுமையைப் பற்றிப் பாட்டு ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன்:

பத்துப் பேரும் இரண்டு பேரும்
பன்னிரண்டு பேர் நாங்கள்;
ஒருவர் குறைந்தால் வரிசை நடுவே
ஓட்டை விழும், பாருங்கள்!

பெரிய கவிதை இல்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே.

2

ஆரம்பம், முதல் முயற்சி: “அன்று காலையிலிருந்தே மழை விடாமல்…”

(அடித்துவிட்டேன். மழையே இல்லை. சங்கடம் வரும் இடத்திலெல்லாம் மழையைக் கூப்பிடுவது என் பழைய சோம்பேறித்தனம்.)

இரண்டாவது முயற்சி: “படக்காரம்மா மென்மையானவர்…”

(இதுவும் பொய். அவர் மென்மையானவர் என்றால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.)

3

படக்காரம்மா முகங்களைக் கற்பனையில் வரைவதில்லை. பள்ளி விடும் நேரத்தில் வாசல் எதிரே நின்று, ஓடி வரும் பிள்ளைகளைப் பென்சிலால் பிடித்துவிடுவார். என் பாட்டுக்கும் அப்படித்தான் பன்னிரண்டு பேரைப் பிடித்தார். இரண்டு பக்கமும் சேர்த்து, கைகோத்த ஒரே வரிசை. இடது ஓரத்தில், முன்பல் விழுந்து, பூத்தையல் போட்ட நீளச் சட்டையோடு நிற்பவள் அவருடைய மகள். அந்தச் சட்டை அவர்கள் ஆட்கள் மட்டும் போடுவது. அடுத்த வருஷம் அவளே படிக்கப்போகும் புத்தகம் அது. ‘புக்குல நான் வர்றேன்’ என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

பாடநூல் அலுவலகத்தில், எங்கள் இருவர் முன்னாலும், அதிகாரி படத்தை மேசையில் விரித்தார்.

“பிரமாதம் மேடம். ஒரே ஒரு விஷயம். ஓரத்துல நிக்கிற இந்தப் பொண்ணை நடுவுல கொண்டு வந்துடுங்க. மரியாதையான இடம்.”

படக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. பாடநூல் பக்கவாட்டில் தைக்கப்படுவது. நடு மடிப்பில் இரண்டு விரல் அகலம் தையலுக்குள் போய்விடும்.*

“நடுவுல நிக்கிறவங்க தையல்ல காணாமப் போயிடுவாங்க சார்.”

“அது தெரியும். நான் எடுக்கச் சொல்லலையே, நகர்த்தத்தானே சொல்றேன்? அந்தச் சட்டையைப் பார்த்தாலே எந்த ஆளுங்கன்னு தெரியுது. இப்ப இருக்கிற நிலைமையில எதுக்கு வம்பு?”

“அது என் பொண்ணு சார்.”

அதிகாரி சற்றுத் தடுமாறினார். உடனே முகம் மலர்ந்தார். “உங்களைப் பார்த்தா அப்படித் தெரியவே தெரியாதே! அப்ப இன்னும் சுலபம். வேற சட்டை போட்டு வரைஞ்சிடுங்க.”

அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் படக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நடு இடம் அவ்வளவு மரியாதைன்னா உங்க பேரனை அங்க நிறுத்தட்டுமா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “பாட்டு உங்களோடதுதானே அண்ணே? நீங்க சொல்லுங்க.”

நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

* ஒற்றுமைப் படத்தில் ஒருவரை ஒளித்துவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அழித்த தடம்கூட இருக்காது.

4

முடிவு, அ: கவிஞர் துள்ளி எழுந்து மேசையைத் தட்டி… (பொய். எழவில்லை.)

முடிவு, ஆ: அதிகாரி மனம் மாறிக் கண் கலங்கி… (இதை எழுதினால் படக்காரம்மா என் முகத்தில் விழிக்க மாட்டார்.)

நடந்தது இதுதான். இரண்டு நாளில் வேறு படம் கொண்டு வந்தார். மகள் அதே ஓரத்தில், அதே சட்டையில். பூத்தையல் மட்டும் முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது. நடு மடிப்பில் ஆளே இல்லை. கோத்த கைகள் மட்டும் நீண்டு கடந்தன.

“அங்க யாரும் நிக்கமாட்டாங்க சார். உங்க பேரனும் வேண்டாம். பாவம், சின்னப் பையன்.”

அதிகாரி அந்தப் படத்தை ஓரமாகத் தள்ளினார். பழையதையே ஆள் வைத்து வெட்டி, மகளை மடிப்பில் ஒட்டி, புரூஃப் எடுத்துவிட்டார். அதில் படம் வரைந்தவரும் பாட்டு எழுதியவரும் கையெழுத்துப் போட வேண்டும். படக்காரம்மா போடவில்லை. எனக்கான கட்டத்தில் கையெழுத்துக்குப் பதிலாக எழுதிக் கொடுத்தேன்: “என் பாட்டில் பன்னிரண்டு பேர். இதைத் தைத்தால் பதினொருவர். இது என் பாட்டு இல்லை.” தாமதம்தான், மன்னிப்புக் கேட்க இன்னும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை.

5

எந்தப் படம் அச்சாகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்; முடித்துவைத்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள்.

ஆகவே வேலை உங்களுக்கு. புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, பிள்ளையை உரக்க எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு வந்தால் நல்லது. பதினொன்றில் நின்றுவிட்டால், புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து இன்னும் அகலமாக விரியுங்கள். தையல் தெறித்தால் தெறிக்கட்டும். உள்ளே முன்பல் விழுந்த பெண் ஒருத்தி நிற்கிறாள்.